தந்தையார் பெயர் வெட்டிய ஈயச் சொம்பு

நான் முன்பு பணிபுரிந்த ஆய்வுக்கூடத்தின் ஆண்டு மலருக்கு வெள்ளீயத்தின் தன்மைகளையும் பயன்களையும் பற்றி ஒரு கட்டுரை தர வேண்டும் என்று, இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் மாரிச்செல்வம் இராஜபாளையத்தில் என் வீட்டிற்கே வந்து கேட்டார். உலோகத்தின்மீது வைத்து விசையை அழுத்தினால் அதில் எது எவ்வளவு என்று திரையில் காட்டிவிடும் துப்பாக்கி போன்ற கருவி வந்த பிறகு, ஈயத்தைக் கையால் அறிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது அவருடைய எண்ணம். கேட்டு முடித்த பிறகும் வாசலில் தயங்கி நின்றார்.

"சார், அன்னைக்கு ரெண்டு சொம்பு கொண்டாந்து பாத்தீங்களே. டீ கூடக் குடிக்காம போயிட்டீங்க. அதையும் எழுதலாமா?"

பணிக்காலம் முழுவதும் ஆய்வின் முடிவை மட்டும் வெளியே சொல்லி, மற்றதை உள்ளே வைத்துக்கொண்டவன் நான். குடும்பச் செய்தியை அச்சில் ஏற்றுவது என் இயல்புக்கு ஒவ்வாதது. ஆனால் அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்த நான்கைந்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பாதி. மீதியை அவர்களாகக் கற்பித்துக்கொள்வதைவிட நானே எழுதிவிடுவது மேல். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் தங்கை கோமதியிடம் ஒப்புதல் கேட்டேன். "எழுதுண்ணே. ஆனா என்னைய ரொம்ப நல்லவளாக்கி எழுதாத" என்றாள்.

முதலில் கேட்ட பொருளுக்கு வருகிறேன். நம் மக்கள் ஈயம் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு உலோகங்கள் அடங்கும். வெள்ளீயம் ஒன்று, காரீயம் மற்றொன்று. வெள்ளீயம் வெள்ளியைப் போன்ற நிறமும், மென்மையும், உடலுக்குத் தீங்கு செய்யாத குணமும் உடையது. காற்றும் நீரும் அதை எளிதில் அரிப்பதில்லை. அதனால்தான் இரும்புத் தகட்டின்மீது அதைப் பூசி உணவு டப்பாக்கள் செய்கிறார்கள். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசிப் புளிக்குழம்பு வைக்கிறார்கள். செம்போடு சேர்ந்தால் வெண்கலமாகி மணியாக ஒலிக்கும். நூற்பாலைகளில் கதிர்களைச் சுழற்றும் நீண்ட உருளைக்கு இன்றும் டின் ரோலர் என்றே பெயர். முற்காலத்தில் வெள்ளீயம் பூசிய தகட்டால் அதைச் செய்தார்கள். காரீயம் இதற்கு நேர் எதிரானது. கனமானது, மலிவானது, உடலுக்குள் போனால் வெளியேற மறுப்பது. இரண்டும் ஒன்றோடொன்று எந்த அளவிலும் கலக்கும். புதிதாகத் தேய்த்த பளபளப்பில் இரண்டையும் கண்ணால் பிரிப்பது கடினம். எங்கள் தொழிலின் தொல்லை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

வெள்ளீயத்திற்கு இன்னொரு குணம் உண்டு. அது மிகக் குறைந்த சூட்டில் உருகிவிடும். விறகடுப்பின் வெறும் தணல் போதும். ஈயச் சொம்பில் ரசம் இருக்கும்வரை அந்த நீர் சூட்டை வாங்கிக்கொள்ளும். நீர் வற்றினால் சொம்பு நிற்காது. தென்மாவட்டத்துச் சமையலறைகளில் ஈயச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு ஒருவரும் அப்பால் நகராததற்குக் காரணம் இதுதான்.

வேதியியலில் இளங்கலைப் பட்டம் பெற்று, நூற்பாலை இயந்திரங்களின் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் வார்த்துக் கொடுத்த ஒரு பட்டறையின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்து, அங்கேயே தலைமை வேதியியலாளனாக ஓய்வு பெற்றேன். கற்றுக்கொண்ட ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அமிலம் பட்டுச் சட்டைகள் ஓட்டையாயின. கை விரல்கள் மஞ்சளாயின. தராசின் முன் மூச்சை அடக்கப் பழகினேன்.

எங்கள் தலைமை வேதியியலாளர் ஞானப்பிரகாசம் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வெயில் காலத்திலும் கழுத்துப் பொத்தானைக் கழற்றமாட்டார். வெள்ளீயக் கட்டி வந்து இறங்கினால், மெல்லிய கம்பியாக வார்க்கச் சொல்லி, அதைக் காதருகே வைத்து வளைப்பார். சுத்தமான வெள்ளீயம் வளையும்போது உள்ளிருக்கும் படிகங்கள் சட்டென்று மடங்கி, காய்ந்த சருகு நொறுங்குவது போன்ற ஓசை எழும். காரீயம் கூடக் கூட அந்த ஓசை அடங்கும். கேட்டுவிட்டு, அது நல்லதா கெட்டதா என்று எவரிடமும் சொல்லமாட்டார். "காது சாட்சி சொல்லலாம், தீர்ப்புச் சொல்லக்கூடாது" என்று கம்பியை மேசையில் வைத்துவிட்டு, அமிலப் பாட்டிலை நோக்கிக் கை காட்டுவார்.

பேரிங் வார்ப்பதிலும் அவர் முறை தனி. பழைய உலோகத்தை உருக்கி எடுத்து, பேரிங்கின் வெளிக்கூட்டைச் சுரண்டி, அதன் உட்சுவரில் முதலில் தூய வெள்ளீயத்தை மெழுகியது போலப் பூச வேண்டும். அந்தப் பூச்சு பிடிக்காத இடத்தில் பின்னால் ஊற்றும் உலோகமும் பிடிக்காது. உருகிய உலோகத்தில் காய்ந்த மரக்குச்சியை விட்டு எடுப்பார். குச்சி பழுப்பேறினால் சூடு சரி, எரிந்தால் அதிகம். ஊற்றத் தொடங்கினால் நடுவில் நிறுத்தக்கூடாது. அந்த நேரத்தில் முதலாளியே வந்து பேசினாலும் பதில் சொல்லமாட்டார்.

இவற்றையெல்லாம்விட என் நினைவில் நிற்பது அவர் கேட்கும் ஒரு கேள்வி. என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன் உலோக வியாபாரத்தில் இறங்கி, முதல் முறையாக எங்களுக்கு வெள்ளீயக் கட்டிகள் அனுப்பியிருந்தான். ஆய்வு செய்து, சுத்தமானவை என்று சொல்லப் போனேன்.

ஞானப்பிரகாசம் சார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன பதில் வந்தா ஒமக்குப் பிடிக்கும்?"

"நல்லதுன்னு வந்தா சந்தோசம்தான் சார். தெரிஞ்ச பையன்."

"அப்போ மறுபடி பாரும். தெரியாத பையன் அனுப்புனதுன்னு நெனச்சுப் பாரும். எந்த வரிசையில இருந்து மாதிரி எடுத்தீரு?"

மேல் வரிசையில் இருந்து எடுத்திருந்தேன். குனிந்து அடி வரிசையைக் கலைக்கத் தோன்றவில்லை. கலைத்தபோது அடியில் இருந்த கட்டிகளில் காரீயம் தாராளமாக இருந்தது. சரக்கு திரும்பிப் போயிற்று. நண்பன் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். அன்று முதல், எனக்குப் பிடித்த பதில் வந்தால் ஐயப்படுவது, பிடிக்காத பதில் வந்தால் ஏற்றுக்கொள்வது என்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். இந்த வட்டாரத்தில் என் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது என்றால் அதற்கு இந்த வழக்கமே காரணம். மில்காரர்கள் இருவருக்குள் சரக்கைப் பற்றித் தகராறு வந்தால், அவர்களே, "அவர்ட்டக் குடுத்துப் பாப்போம்" என்பார்கள். அந்தப் பெயரைச் சிறு கீறலும் படாமல் ஓய்வு வரை கொண்டுவந்து சேர்த்தேன் என்று நம்பியிருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு வந்தவைதான் அந்த இரண்டு சொம்புகள்.

கோமதியின் பேத்திக்குப் பேச்சு இப்போதுதான் திருந்தி வருகிறது. அந்தக் குழந்தைக்கு ஓயாத வயிற்றுவலி. முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று. மதுரையில் ஒரு மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, காரீயம் ஏறியிருக்கிறது, சமையல் பாத்திரங்களைச் சோதியுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் ஈயச் சொம்பு இரண்டு இருந்தன. ஒன்று கோமதியின் திருமணத்தில் எங்கள் தந்தையார் சீராகக் கொடுத்தது. அதன் தோள்பட்டையில் சுற்றிலும் புள்ளிப் புள்ளியாக அவர் பெயர் வெட்டியிருந்தது. மற்றொன்று, கோமதியின் மருமகள் செல்வி தன் தாய்வீடான செட்டியார்பட்டியிலிருந்து சீராகக் கொண்டுவந்தது. செல்வியின் கணவன், அதாவது என் மருமகன், இராணுவத்தில் வடக்கே இருக்கிறான். அவன் இல்லாத வீட்டில், மருத்துவர் சொன்ன மறு நாளே கோமதி தீர்ப்பு எழுதிவிட்டாள். புதுச் சொம்புதான் நஞ்சு. செல்வி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு சொம்புகளையும் ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு கோமதியும் அவள் கணவர் சுந்தரமும் என் வீட்டிற்கு வந்தார்கள். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற மாப்பிள்ளைக்கு எதையும் விளையாட்டாகச் சொல்லித்தான் பழக்கம்.

"மச்சான், இந்தாங்க ரெண்டு கைதி. ஒண்ணுக்குத் தூக்கு, ஒண்ணுக்கு விடுதலை. ஜட்ஜையா பாத்து முடிவு பண்ணுங்க."

"முடிவு என்னத்துக்கு? எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் கோமதி. "எங்கப்பா பாத்துப் பாத்து வாங்குன சொம்பு. எங்கண்ணன் ஈயத்துலயே பொழங்குனவரு. எங்க வீட்டுல இருந்து காரீயம் வருமா? செட்டியார்பட்டிச் சொம்பு அம்புட்டுப் பளபளன்னு இருக்கறப்பவே நெனச்சேன்."

"நீ நெனக்கிறது இருக்கட்டும்ட்டி. பிள்ள அங்க கெடக்கு" என்றார் சுந்தரம்.

கூடையை வாங்கியபோதே பழைய சொம்பு கனத்தது. அந்தக் காலத்துப் பொருள் கனமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறு நாள் ஆய்வுக்கூடத்திற்குப் போனேன். மாரிச்செல்வம் கருவியைக் கையில் எடுத்தார். "ஒரு நொடி வேல சார்." வேண்டாம் என்றேன். என் குடும்பப் பொருளைப் பழைய முறைப்படி நானே பார்ப்பேன் என்று சொன்னேன். இளைஞர்கள் சுற்றி நின்றார்கள். அது எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

ஒவ்வொரு சொம்பின் அடியிலிருந்தும் சிறிது சுரண்டல் எடுத்து, தனித்தனிக் கிண்ணத்தில் நைட்ரிக் அமிலம் விட்டுச் சூடாக்கினேன். வெள்ளீயம் அமிலத்தில் கரையாது. வெண்மையான மாவாக அடியில் தங்கும். காரீயம் கரைந்து மேலிருக்கும் நீரில் நிற்கும். மாவை வடிகட்டி, எஞ்சிய அமிலத்தைப் பொறுமையாக ஆவியாக்க வேண்டும். அவசரப்பட்டால் அடுத்து விடும் மருந்து பழுப்பு நிறம் காட்டி ஏமாற்றும். பிறகு தண்ணீர் சேர்த்து, பொட்டாசியம் அயோடைடு ஒரு சொட்டு.

செல்வியின் சொம்பு நீர் தெளிவாகவே இருந்தது.

தந்தையாரின் சொம்பு நீரில் சொட்டு விழுந்த இடத்திலிருந்து மஞ்சள் எழுந்து கண்ணாடிக் குழாய் முழுவதும் நிறைந்தது. குழாயைச் சூடாக்கினேன், மஞ்சள் மறைந்தது. ஆற விட்டேன், பொன் தூளைத் தூவியது போல மின்னும் தகடுகள் இறங்கின. வேதியியல் மாணவர்கள் வேடிக்கை காட்டுவதற்காகச் செய்யும் சோதனை அது. அத்தனை அழகாக இறங்குவது காரீயம் மட்டுமே.

அப்போது நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. கிண்ணம் சரியாகக் கழுவப்படவில்லை என்று சொல்லி, பழைய சொம்பை மட்டும் மறுபடி சோதித்தேன். மறுபடியும் மஞ்சள். சுரண்டிய கத்தியில் கறை இருக்கும் என்று சொல்லி மூன்றாம் முறையும் சோதித்தேன். செல்வியின் சொம்பை ஒரே முறை பார்த்து, கிடைத்த நல்ல பதிலைக்கூட மனத்துக்குள் ஐயப்பட்டேன். இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நானே, "அந்தக் கருவிய வச்சுப் பாருங்க" என்றேன். மாரிச்செல்வம் திரையை என் பக்கம் திருப்பவில்லை. தாழ்ந்த குரலில், "அதேதான் சார்" என்றார். அன்று தேநீர் வந்தது, நான் குடிக்கவில்லை.

எங்கள் தந்தையார் தலைமையாசிரியர். கடையில் தராசுத் தட்டைத் தம் கையால் தொட்டுப் பார்க்காமல் எதையும் வாங்கியவர் அல்லர். அவர் மகளுக்குக் கொடுத்த சீர், அவர் பெயரைச் சுமந்த பாத்திரம், மூன்று தலைமுறைக்கு நஞ்சு ஊட்டியிருக்கிறது. அதை ஊரார் முன்னால் சொல்ல வேண்டியவன் நான். ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில் அறிமுகமானவர் ஒருவர் பக்கத்து இருக்கையைக் காட்டினார். கேட்காதவன் போலப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். கோமதி அடுப்படியில் எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பழசுதான் கோமதி" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். "நல்லாப் பாத்தியாண்ணே?"

"தேவைக்கு மேலேயே பாத்துட்டேன். அப்பா இப்படி ஒரு பொருளக் குடுத்திருக்காங்களேன்னு..."

"அப்பாவச் சொல்லாத" என்று இடைமறித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "இது அப்பா குடுத்த சொம்பே இல்ல."

திருமணமான முதல் வருடம், ஆடிப்பூரத் தேர் அன்று நடந்தது அது. அவள் மாமியார் முன்னாலேயே ரத வீதிக்குப் போய்விட்டார். கோமதி ஈயச் சொம்பில் ரசத்திற்குப் பருப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தாள். தேர் தெருமுக்கில் திரும்புகிறது என்று தெருவே ஓடியது. செத்த நேரத்தில் வந்துவிடலாம் என்று அவளும் ஓடினாள். தேர் நகராமல் நின்றது, கூட்டம் விடவில்லை. திரும்பி வந்தபோது அடுப்பின் மேல் சொம்பு இல்லை. சாம்பலுக்குள் வெள்ளையாக ஒரு கட்டி கிடந்தது.

"புது மருமக. தேரு நாளு. பொறந்த வீட்டுச் சீரு உருகிப்போச்சுன்னா அத்த அவிய என்ன சொல்லுவாவ? வீட்டுக்கு ஆகாதவன்னு பொறந்த வீட்டுல கூட்டிட்டுப் போய் விட்ருவாவன்னு பயம். சைக்கிள்ல ஏனம் மாத்துறவன் வருவான்லா, பழைய பாத்திரத்துக்குப் புதுசு குடுக்கறவன், அவன்ட்ட அந்தக் கட்டியையும் எங்கூட வந்த பித்தளக் கொடத்தையும் குடுத்தேன். அதே மாதிரிச் சொம்பு கொண்டாந்தான். அப்பா பேர வெட்டித் தாடான்னேன். அதையும் வெட்டித் தந்தான். கொடத்தக் கிணத்துல விட்டுட்டேன்னு சொன்னேன்."

"ஒனக்குத் தெரியாதா, அவன் என்னத்தக் குடுத்தான்னு?"

"எனக்கென்னண்ணே தெரியும்? வெள்ளையா இருந்துச்சு, ரசம் வச்சேன். நல்லாருக்குன்னு எல்லாரும் குடிச்சாவ. எனக்கே மறந்துபோச்சு. டாக்டரு பாத்திரத்தப் பாருன்னதும்தான் நெஞ்சுல அடிச்சுச்சு. அதுக்குத்தான் அம்புட்டுச் சத்தம் போட்டேன்."

கோமதியின் ரசத்தை நான் எத்தனையோ முறை புகழ்ந்து, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியிருக்கிறேன். புளியில் கரைந்த காரீயம் ஒரு மெல்லிய இனிப்பைத் தரும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். அதை அப்போது அவளிடம் சொல்லவில்லை.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா கடையில ஏமாந்துட்டாவன்னு சொல்லிருண்ணே. அவிய இப்ப உயிரோட இல்ல. இனி யாரு போய் அவியளக் கேக்கப் போறா?"

"அப்பா பேரையா கெடுக்கச் சொல்லுத, ஏட்டி?"

"செல்வியோட அப்பன, காரீயத்தக் குடுத்து எம் பேத்தியக் கொல்லப் பாத்தவன்னு தெருவுல நின்னு சொல்லிட்டேன். இப்பப் போய் நாந்தான்னா அவ எம் மூஞ்சில முழிப்பாளா? பேத்திய எங்கையில தருவாளா? சொல்லு."

நான் ஒப்புக்கொண்டேன். அதற்கு ஒரு நியாயமும் கண்டுபிடித்தேன். எது வெள்ளீயம், எது காரீயம் என்பதில் நான் பொய் சொல்லப்போவதில்லை. அது வீட்டிற்குள் எப்படி வந்தது என்பது மட்டுமே மாறுகிறது. அது ஆய்வாளனுடைய பொறுப்பு அல்ல. பணிக்காலத்தில் என்னிடம் எவனாவது இப்படி ஒரு விளக்கத்தோடு வந்திருந்தால் அவனை வெளியே அனுப்பியிருப்பேன்.

மூவரும் சொம்புகளோடு செட்டியார்பட்டிக்குப் போனோம். செல்வியின் தந்தை முத்தையா, மருத்துவத் துணி நெய்யும் தறியில் வேலை பார்ப்பவர். எங்களை வரவேற்றார், நாற்காலி போட்டார், காப்பி கொண்டுவரச் சொன்னார். சிரிக்கவில்லை. செல்வி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். குழந்தை கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

நான் சோதனையின் முடிவைச் சொன்னேன். புதிய சொம்பு சுத்தமான வெள்ளீயம் என்றேன். தந்தையார் கொடுத்த சொம்பில்தான் காரீயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கடைக்காரன் அவரை ஏமாற்றிவிட்டான் என்று, வழக்கமாக முடிவு சொல்லும் அதே குரலில் சொன்னேன்.

முத்தையா என்னைப் பார்த்தார். "சார், நீங்க சொன்னா இந்தப் பக்கத்துல மறு பேச்சு கெடையாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க வாறீங்கன்னதும் அதான் தைரியமா இருந்தேன். சொன்னதே போதும்."

காப்பி டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

சுந்தரம் மாப்பிள்ளை இறுக்கத்தைத் தளர்த்த நினைத்தார் போலும். தொடையில் தட்டிச் சிரித்தார். "எங்க மாமனாரா ஏமாந்தாரு? கத்திரிக்காய்க்குக் காம்ப எண்ணுற மனுசன்! நான் சில்லற குடுத்தா மூணு தடவ எண்ணுவாரு. கடைசில மகளுக்குச் சீருன்னு வெசத்த வாங்கிப் பேரும் வெட்டிக் குடுத்துருக்காரு பாருங்க சம்மந்தி. வாத்தியாரு புத்தி!"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து அவரை அடக்கியிருக்க வேண்டும். அடக்கினால் அடுத்த கேள்வி வரும் என்று வாளாவிருந்தேன். கோமதிக்காகப் பொறுத்துக்கொள்கிறேன் என்று எண்ணியிருந்தேனே தவிர, முத்தையாவின் முன் பொய்யனாகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

"எங்கப்பாவச் சொல்லாதிய."

கோமதியின் குரல் கூடத்தில் எல்லாரையும் திருப்பியது. அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"எங்கப்பா குடுத்தது நல்ல ஈயம். நாந்தான் உருக்குனேன். தேரு பாக்கப் போயி உருக்கிட்டு, ஏனம் மாத்துறவன்ட்ட இத வாங்கி வச்சேன். எங்கண்ணனுக்குத் தெரியும். எனக்காகத்தான் மாத்திச் சொன்னாரு." பிறகு முத்தையாவைப் பார்த்து, "அண்ணாச்சி, ஒங்களத் தெருவுல வச்சுப் பேசுனேன். அந்த வாயாலயே சொல்லுதேன். ஒங்க சொம்பு சுத்தம். ஒங்க பிள்ளையும் சுத்தம்" என்றாள்.

சுந்தரம் தாடையைத் தடவிக்கொண்டார். "அப்ப நான் இத்தன வருசமாக் குடிச்சது என்னட்டி?"

"நல்லாருக்குன்னு ரெண்டாந்தரம் கேட்டுக் குடிச்சியள்ல?" என்று அழுகையோடு சீறினாள் கோமதி.

முத்தையா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என்னைக் கடிந்து பேசவும் அவருக்கு மனமில்லை. தரையில் கிடந்த நூல் பிசிறு ஒன்றை எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். வேதியியலாளனாக அதுவரை நான் பெற்ற மதிப்பு அந்த நூல் பிசிறைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றவில்லை. "நான் சொன்னது தப்பு" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

பேசியவள் செல்விதான். "அத்த, அப்ப ஒங்களுக்கு ராவெல்லாம் வயித்த இழுத்துப் பிடிக்குதுன்னு படுத்துக் கெடப்பீங்களே, அதுவும் இதனாலதானா?"

கோமதி அவளையே பார்த்தாள். அந்த வீட்டில் எல்லாரையும்விட அதிகம் அந்த ரசத்தைக் குடித்தவள் அவளே என்பது அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆய்வாளனான எனக்கும் தோன்றவில்லை.

"மதுரைக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போறப்ப நீங்களும் வாங்க. ரத்தம் குடுத்துப் பாத்துருவோம்" என்றாள் செல்வி. வீட்டுக்குத் திரும்பி வருகிறேன் என்றும் அவள் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. இப்போது கோமதியும் குழந்தையும் அந்த மருத்துவரிடம்தான் போய் வருகிறார்கள். குழந்தைக்கு முகத்தில் இரத்தம் ஊறத் தொடங்கியிருக்கிறது. மெதுவாகத்தான் குணமாகும் என்கிறார் மருத்துவர்.

அன்று கிளம்பும் நேரத்தில் பழைய சொம்பை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் சுந்தரம். "வேண்டாம் மாமா" என்றாள் செல்வி. "ஈயம்னு நெனச்சு வேற யாராவது வாங்கி ரசம் வச்சிருவாங்க." அவள் சொன்னது சரி. இனி அதில் ஒருவரும் சமைக்க முடியாதபடி நசுக்கி, ஆய்வுக்கூடத்தில் பத்திரமாக ஒப்படைப்பது என் பொறுப்பு என்றேன். முத்தையா உள்ளே போய் ஒரு சுத்தியலைக் கொண்டுவந்து வைத்தார்.

முற்றத்துக் கல்லின்மேல் சொம்பைச் சாய்த்து அடித்தேன். மென்மையான உலோகம், வாய் உடனே மடிந்தது, அடி குழிந்தது. சொம்பு உருண்டு தோள்பட்டை மேலே வந்தது. தந்தையார் பெயர் வெயிலில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அவர் கொடுக்காத சொம்பு, அவர் வெட்டச் சொல்லாத எழுத்து என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஓங்கிய கையை இறக்க முடியவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்வி பக்கத்தில் வந்து குனிந்தாள். முறைப்படி நான் அவளுக்குப் பெரியப்பா.

"பேரு இருக்கிற பக்கத்த நான் அடிக்கட்டுமா பெரியப்பா?"

சுத்தியலை நீட்டினேன். அவள் தோளில் இருந்த குழந்தையைக் கோமதியின் கையில் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டாள்.